வகுப்பு அடங்கவில்லை என்றால், எந்த நிமிடத்தில் என்று பாருங்கள்

கேள்வி: பள்ளியில் கணக்கு ஆசிரியராகச் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. ஏழாம், எட்டாம் வகுப்புகளில் ஐந்து பிரிவுகள், ஒவ்வொன்றிலும் நாற்பது பிள்ளைகள். கத்தினால்தான் வகுப்பு அடங்குகிறது, அதுவும் இரண்டு நிமிடம்தான். தொண்டை கட்டியே கிடக்கிறது. எழுதிவைத்த பாடக்குறிப்பு ஒரு நாளும் முடிவதில்லை. "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லாரும் ஒரே குரலில் "புரிஞ்சுது" என்கிறார்கள். தேர்வு வைத்தால் பாதிப் பேர் தப்பு. நோட்டுத் திருத்தி முடிக்க நள்ளிரவு ஆகிறது. இதே பிள்ளைகள் பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் சத்தமே போடுவதில்லை. எனக்கு இந்த வேலை வராதோ?

பதில்: பக்கத்து ஆசிரியரைப் பற்றி வருத்தத்தோடு எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியிலிருந்து தொடங்கலாம். அதே பிள்ளைகள் அங்கே அமைதியாக இருக்கிறார்கள் என்றால் கோளாறு பிள்ளைகளிடம் இல்லை. "அப்படியானால் என்னிடம்தான்" என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். அவருடைய குரலும் முறைப்பும்தான் வகுப்பை அடக்குகின்றன என்று வெளியிலிருந்து பார்க்கத் தோன்றும். ஜேக்கப் கூனின் என்ற அமெரிக்க ஆய்வாளர் வகுப்பறைகளைப் படம்பிடித்து ஆராய்ந்து 1970-இல் முடிவுகளை வெளியிட்டார். குறும்பு நடந்த பிறகு ஆசிரியர்கள் எப்படிக் கண்டித்தார்கள் என்பதில், நன்றாக நடக்கும் வகுப்புக்கும் நடக்காத வகுப்புக்கும் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. குறும்பு தொடங்குவதற்கு முன்னால் ஆசிரியர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதில்தான் வேறுபாடு இருந்தது. அறை முழுவதும் அவர் பார்வையில் இருந்ததா, ஒரு வேலையிலிருந்து அடுத்த வேலைக்கு இடைவெளியில்லாமல் நகர்த்தினாரா என்பதைப் பொறுத்தே வகுப்பு நின்றது.

அதனால் அவரிடம் போய் "எப்படி சார் அடக்குறீங்க?" என்று கேட்டால் பெரிதாகப் பதில் கிடைக்காது. பழகிய கைக்குத் தான் செய்வது தெரியாது. அனுமதி கேட்டு, அவருடைய பாடவேளையின் முதல் பத்து நிமிடம் பின்னால் உட்கார்ந்து பாருங்கள். பேச்சைக் கவனிக்க வேண்டாம். உள்ளே நுழைந்ததும் எங்கே நிற்கிறார், பிள்ளைகள் உட்கார்ந்ததும் கையில் என்ன வேலை இருக்கிறது, ஒரு பையனுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறார் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வகுப்புக்கும் அதே வேலையைச் செய்யுங்கள். ஒவ்வொரு பாடவேளை முடிந்ததும் ஒரே வரி: சத்தம் எப்போது தொடங்கியது, அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது. "நோட்டு திருப்பிக் கொடுத்தபோது", "பலகையில் நீளமாக எழுதியபோது", "சீக்கிரம் முடித்தவர்கள் சும்மா இருந்தபோது" என்ற அளவில் போதும். "இன்று வகுப்பு மோசம்" என்று எழுதுவதால் பயன் இல்லை. இரண்டு வாரக் குறிப்பைச் சேர்த்துப் படித்தால் பெரும்பாலும் மூன்று நான்கு இடங்களே திரும்பத் திரும்ப வரும். நாற்பது நிமிடமும் கெட்டுப்போவதாகத் தோன்றுவது, அந்த நான்கு இடங்களின் எரிச்சல் மீதி நேரத்துக்கும் பரவுவதால்தான்.

முதல் ஐந்து நிமிடம்தான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது, எனவே அதை முதலில் சரிசெய்யுங்கள். இப்போது என்ன நடக்கும் என்று ஊகிக்க முடிகிறது: நுழைகிறீர்கள், வருகைப் பதிவேட்டைத் திறக்கிறீர்கள், நாற்பது பெயர் கூப்பிடுகிறீர்கள். ஒரு பெயருக்கு ஐந்து விநாடி என்றாலும் மூன்று நிமிடத்துக்கு மேல் முப்பத்தொன்பது பேருக்கு வேலை இல்லை. அந்த மூன்று நிமிடத்தில் கிளம்பும் பேச்சை அடக்கத்தான் அடுத்த பத்து நிமிடம் கத்துகிறீர்கள். பதிலாக, உள்ளே வந்த உடனே மூன்று கணக்கைப் பலகையில் எழுதுங்கள், அல்லது ஒரு தாளில் எழுதிவைத்து ஒட்டிவிடுங்கள். ஒன்று நேற்றையது, ஒன்று போன வாரத்தது, ஒன்று போன மாதத்தது. படித்தது நாளாக ஆக எவ்வளவு வேகமாக மறக்கிறது என்பதை ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் 1885-லேயே அளந்து எழுதிவிட்டார். விட்டு விட்டு நினைவுக்குக் கொண்டுவருவதுதான் அதற்கு மருந்து, அது இங்கே செலவில்லாமல் நடந்துவிடுகிறது. பிள்ளைகள் போடும்போதே இருக்கை வரைபடத்தைப் பார்த்து, காலி இடங்களைக் கொண்டு வருகையைக் குறித்துவிடலாம்.

இது எங்கே தவறும் என்றால், கணக்கு கடினமாக இருந்தால். பெரும்பாலானவர்கள் உங்கள் உதவி இல்லாமலே போடக்கூடியதாக அந்த மூன்றும் இருக்க வேண்டும். பத்துக் கை உயர்ந்தால் சத்தம் திரும்ப வந்துவிடும். இன்னொன்று: ஒரு நாள் செய்து ஒரு நாள் விட்டால் அது பழக்கமாகாது. குறைந்தது இரண்டு வாரம், தேர்வு நாள் தவிர, ஒரு நாளும் விடாதீர்கள்.

அடுத்தது வகுப்பை நிறுத்தும் அடையாளம். கையை உயர்த்துவது, மூன்றிலிருந்து கீழே எண்ணுவது, மேசையை இரண்டு தட்டு தட்டுவது, எதுவானாலும் சரி. ஆனால் ஒன்றே ஒன்று, அதையும் அறையில் ஒரே இடத்தில் நின்று. "ஷ்ஷ்", "அமைதி", "ஏய் கடைசி பெஞ்ச்" என்று மாற்றி மாற்றிச் சொல்லும்போது எதற்கு நிறுத்த வேண்டும் என்று பிள்ளைகளுக்கே தெரிவதில்லை. ஒரு பாடம்போல அதையும் கற்றுக்கொடுங்கள்: இதுதான் அடையாளம், கண்டதும் பேனாவைக் கீழே வைக்க வேண்டும், என்னைப் பார்க்க வேண்டும். பிறகு வேண்டுமென்றே பேசச் சொல்லி, அடையாளம் காட்டி, இரண்டு மூன்று முறை ஒத்திகை பாருங்கள். ஏழாம் வகுப்புக்கு இது விளையாட்டு. எட்டாம் வகுப்புக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும், அங்கே ஒரு முறை போதும்.

அதன் பிறகு உள்ள விதி ஒன்றே: சத்தத்துக்கு மேல் பேசாதீர்கள். பேச்சு கிளம்பினால் வாக்கியத்தின் நடுவிலேயே நிறுத்திவிடுங்கள். நான்கு பேர் பேசும்போது நீங்கள் பாடத்தைத் தொடர்ந்தால், பேசிக்கொண்டே கேட்கலாம் என்று மீதி முப்பத்தாறு பேருக்கும் அனுமதி கொடுத்ததாகிவிடும்.

கட்டளை சொல்லும் விதத்திலும் நிறைய நேரம் போகிறது. "நோட்டை எடுங்க, பக்கம் நாப்பத்தாறு, மூணாவது கணக்கு, ரெண்டு ரெண்டு பேரா, அஞ்சு நிமிஷம்" என்று ஒரே மூச்சில் சொன்னால் அதில் ஐந்து செய்திகள் இருக்கின்றன. சொல்லும்போதே பாதிப் பேர் பைக்குள் தலையை விட்டிருப்பார்கள். அரை நிமிடத்தில் "எந்தப் பக்கம்?" என்று பத்துக் குரல் எழும், அதற்கு நீங்கள் பத்து முறை பதில் சொல்வீர்கள். முதலில் நோட்டு மட்டும். எல்லார் கையிலும் வந்த பிறகு பக்க எண்ணைச் சொல்லிப் பலகையிலும் எழுதுங்கள். பிறகு வேலை என்ன, எவ்வளவு நேரம், பேசலாமா கூடாதா, முடித்தவர்கள் அடுத்து என்ன செய்ய வேண்டும். இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாமல் எந்த வேலையையும் தொடங்க வேண்டாம். சீக்கிரம் முடித்துவிட்டுச் சும்மா இருக்கும் ஆறு பேர்தான் பல வகுப்புகளில் சத்தத்தின் ஊற்று. அவர்களுக்குத் தண்டனையும் தேவையில்லை, உபதேசமும் தேவையில்லை, இன்னொரு கணக்கு போதும். தாளோ கருவியோ கொடுப்பதாக இருந்தால் விளக்கம் முடிந்த பிறகே கொடுங்கள். கையில் பொருள் வந்தபின் யாருக்கும் காது கேட்காது.

வேலை கொடுத்ததும் புதியவர்கள் செய்யும் தவறு, முதலில் கை தூக்கிய பிள்ளையிடம் ஓடுவது. ஓடாதீர்கள். அரை நிமிடம் முன்னால் அசையாமல் நின்று அறை முழுவதையும் கண்ணால் ஒரு சுற்று பாருங்கள். தொடங்காதவர் யார் என்று தெரியும், நீங்கள் பார்க்கிறீர்கள் என்று அவருக்கும் தெரியும். பிறகு நடக்கத் தொடங்கலாம். ஒருவருக்கு உதவக் குனியும்போது முதுகு சுவர்ப் பக்கமும் முகம் வகுப்புப் பக்கமும் இருக்கட்டும். பலகையில் எழுதும்போது பாதி திரும்பி நின்று, இரண்டு மூன்று வரிக்கு ஒரு முறை வகுப்பைப் பாருங்கள். நீண்ட கணக்கை முழுவதும் எழுதி முடித்துவிட்டுத் திரும்புவதைவிட, ஒவ்வொரு படிக்கும் "அடுத்து என்ன?" என்று கேட்டு எழுதுவது நல்லது.

ஒரே பையன் திரும்பத் திரும்பக் குழப்பம் செய்தால், நடந்துகொண்டே போய் அவன் பெஞ்சருகில் நில்லுங்கள். பாடம் நிற்க வேண்டாம். அது போதாவிட்டால் குனிந்து, அவனுக்கு மட்டும் கேட்கும்படி, செய்ய வேண்டியதைச் சொல்லுங்கள்: "ரெண்டாவது கணக்கு, இப்ப." சொல்லிவிட்டு அங்கிருந்து நகர்ந்துவிடுங்கள். பக்கத்திலேயே நின்று முறைத்தால், பதின்மூன்று வயதுக்காரன் நாற்பது பேர் முன்னால் தோற்றதாக நினைப்பான், எதிர்த்துப் பேசியே ஆக வேண்டிய நிலைக்கு அவனைத் தள்ளிவிடுவோம். நகர்ந்தால் தானாகச் செய்ததுபோல் எழுதத் தொடங்க அவனுக்கு வழி கிடைக்கிறது. அதற்கு மேல் பேச வேண்டியதை மணி அடித்த பிறகு, கூட்டம் கலைந்ததும் பேசுங்கள். நிறைவேற்ற முடியாத மிரட்டல் வேண்டாம். முழு வகுப்பையும் தண்டிக்கவே வேண்டாம்: தவறு செய்யாத முப்பத்தாறு பேரும் அன்றிலிருந்து அந்த நான்கு பேர் பக்கம் சாய்ந்துவிடுவார்கள். அடிப்பது, அவமானப்படுத்துவது பற்றி விவாதிக்கவே எதுவும் இல்லை. தண்டனையாக ஐம்பது கணக்கு போடச் சொல்வதும் கணக்கு ஆசிரியர் செய்யக்கூடாத காரியம். உங்கள் பாடமே ஒரு தண்டனை என்று நீங்களே அறிவிக்கலாமா?

இனி "புரிஞ்சுதா?" பற்றி. அந்தக் கேள்வியை விட்டுவிடுங்கள். புரியாத பிள்ளைக்குத் தனக்குப் புரியவில்லை என்பதே பல நேரம் தெரியாது, தெரிந்தவனுக்கு எழுந்து சொல்லக் கூச்சம். ஒரே குரலில் வரும் "புரிஞ்சுது" உண்மையில் "அடுத்ததுக்குப் போங்க" என்பதுதான்.

பதிலாக, பாடத்தின் நடுவில் எல்லாரும் ஒரே நேரத்தில் பதில் சொல்லும்படி ஒரே ஒரு கேள்வி. பின்னக் கூட்டல் நடத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பலகையில் 1/2 + 1/3 என்று எழுதி நான்கு விடைகள் கொடுங்கள்: ஒன்று 2/5, இரண்டு 2/6, மூன்று 5/6, நான்கு 1/6. அரை நிமிடம் மௌனம். பிறகு சைகை காட்டியதும் விடையின் எண்ணை விரலால் நெஞ்சோடு ஒட்டிக் காட்ட வேண்டும். மேலே உயர்த்தினால் பக்கத்து விரலைப் பார்த்து மாற்றிக்கொள்வார்கள். ஒன்று காட்டியவர்கள் மேலேயும் கீழேயும் தனித்தனியாகக் கூட்டியிருக்கிறார்கள். இரண்டு காட்டியவர்கள் பொதுப் பகுதியைக் கண்டுபிடித்துவிட்டார்கள், தொகுதியை மாற்ற மறந்தார்கள். நான்கு என்றால் பெருக்கிவிட்டார்கள். யாருக்கு எது புரியவில்லை என்பது பத்து விநாடியில் தெரிந்துவிடுகிறது, தேர்வு வரை காத்திருக்க வேண்டியதில்லை. நாற்பதில் பத்துப் பேருக்கு மேல் தப்பென்றால் அங்கேயே நின்று வேறு வழியில் விளக்குங்கள், அதே விளக்கத்தை உரக்கச் சொல்வதில் பயனில்லை. நான்கைந்து பேர்தான் என்றால் மற்றவர்களுக்கு வேலை கொடுத்துவிட்டு அவர்களை முன்னால் அழைத்து உட்கார வையுங்கள்.

கேள்வியின் தரம் தவறான விடைகளில்தான் இருக்கிறது. 0.35 பெரிதா 0.5 பெரிதா என்று கேட்டுப்பாருங்கள். 35 என்பது 5-ஐவிடப் பெரிது என்பதால் 0.35 என்று சொல்ல எப்போதும் சிலர் இருப்பார்கள். 0.3 பெரிதா 0.5 பெரிதா என்று கேட்டால் அதே பிள்ளைகள் சரியாகச் சொல்லிவிடுவார்கள், அவர்களின் குழப்பம் உங்களுக்குத் தெரியாமலே போய்விடும். வாரத்துக்கு ஒரு பிரிவுக்கு இப்படி இரண்டு கேள்வி தயாரித்தால் போதும். அடுத்த ஆண்டுக்கும் அவை பயன்படும்.

வாய்மொழியாகக் கேட்கும்போது முதலில் கேள்வி, பிறகு இடைவெளி, அதன் பிறகு பெயர். பெயரை முதலில் சொன்னால் மற்ற முப்பத்தொன்பது பேரும் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடி அளவே காத்திருக்கிறார்கள் என்று மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் 1970-களில் கண்டறிந்தார். மூன்று விநாடியாக்கியபோது பதில்கள் நீண்டன, தாமாகப் பேச முன்வருபவர்கள் கூடினார்கள். மூன்று விநாடி முன்னால் நிற்பவருக்கு மிக நீளமாகத் தெரியும். மனத்துக்குள் எண்ணிக்கொள்ளுங்கள்.

பாடக்குறிப்பு முடிவதில்லை என்பதற்குக் காரணம் அநேகமாகக் கணக்கிலேயே இருக்கிறது. நாற்பது நிமிடப் பாடவேளையில் தொடக்க வேலை, நோட்டு எடுப்பது, முடிப்பது எல்லாம் போக உங்களுக்குக் கிடைப்பது முப்பது நிமிடத்துக்குக் கீழே. அதில் ஒரு புதுக் கருத்துக்குத்தான் இடம் உண்டு. வகுப்பில் கொடுக்கப்போகும் ஒவ்வொரு கணக்கையும் முந்தின நாள் நீங்களே எழுதிப் போட்டுப் பாருங்கள். உங்களுக்கு ஒன்றரை நிமிடம் என்றால் பிள்ளைகளுக்குக் குறைந்தது நான்கைந்து நிமிடம் ஒதுக்குங்கள். குறிப்பில் நீங்கள் பேசப்போவதை எழுதுவதைவிட அவர்கள் செய்யப்போவதை எழுதுங்கள். நேரம் போதாவிட்டால் விட்டுவிட வேண்டிய கணக்கையும் மிஞ்சினால் கொடுக்க வேண்டிய கணக்கையும் ஓரத்தில் குறித்துவையுங்கள். மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே முடிக்கத் தொடங்குங்கள். மணிக்குப் பிறகு சொன்ன வீட்டுப்பாடம் யார் காதிலும் விழுந்திருக்காது, மறுநாள் அதைச் செய்யாததற்குச் சண்டை போட வேண்டிவரும்.

நோட்டு விஷயத்தில் உங்களுக்குச் சோம்பல் என்று யாரும் சொல்ல முடியாது. ஐந்து பிரிவு, இருநூறு நோட்டு, ஒன்றுக்கு மூன்று நிமிடம் என்றால் அறுநூறு நிமிடம், பத்து மணி நேரம். வாரத்துக்கு இரண்டு முறை திருத்த நினைத்தால் இருபது மணி நேரம். எந்தத் திறமைசாலியாலும் இது ஆகாது, முறையைத்தான் மாற்ற வேண்டும். அன்றாடப் பயிற்சிக் கணக்குகளை வகுப்பிலேயே வேறு நிறப் பேனாவால் பிள்ளைகளே திருத்தட்டும். ஒரு வாரத்துக்கு ஒரு பிரிவை மட்டும் ஆழமாகத் திருத்துங்கள். மற்றப் பிரிவுகளில் ஒரு முக்கியமான கணக்கை மட்டும், நோட்டுக்கு இருபது விநாடி என்று பாருங்கள்: நாற்பது நோட்டுக்குக் கால் மணி நேரம்கூட ஆகாது. சரி, சின்னத் தப்பு, அடிப்படையே தப்பு என்று மூன்று அடுக்காகப் பிரித்து, பொதுவான தப்பை ஒரு தாளில் குறித்து, மறுநாள் பலகையில் அதையே எடுத்துப் பேசுங்கள். நாற்பது நோட்டில் ஒரே குறிப்பை நாற்பது முறை எழுதுவதைவிட இது உதவும்.

ஆழமாகத் திருத்தும்போது மதிப்பெண்ணையும் குறிப்பையும் சேர்த்துப் போடாதீர்கள். 1988-இல் ரூத் பட்லர் என்ற கல்வி ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வில், குறிப்பு மட்டும் பெற்ற மாணவர்கள் முன்னேறினார்கள். குறிப்போடு மதிப்பெண்ணும் பெற்றவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. எண்ணைப் பார்த்ததும் எழுத்தைப் படிப்பது நின்றுவிடுகிறது. எழுதும் குறிப்பும் "இன்னும் கவனம் தேவை" என்று இருந்தால் வீண். "மூன்றாவது படியில் குறியை மாற்ற மறந்தாய், அந்தப் படியிலிருந்து மறுபடி போடு" என்று இருக்க வேண்டும், மறுபடி போட வகுப்பிலேயே ஐந்து நிமிடம் கொடுக்க வேண்டும். எல்லாப் பக்கத்திலும் கையெழுத்து வேண்டும் என்று பள்ளி கேட்டால், வகுப்பில் நடந்துகொண்டே போட்டுவிடுங்கள். ஆனால் படிக்காத கணக்குக்குச் சரி அடையாளம் போட வேண்டாம். "பார்த்தேன்" என்று எழுதுவது நேர்மையானது. தப்பான விடைக்கு மேல் ஒரு சரி போட்டுவிட்டால் வீட்டில் யாராவது அதைக் காட்டிக் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும்.

தொண்டைக்கு: மேலே சொன்ன மாற்றங்களே பாதிச் சிகிச்சை. ஒவ்வொரு பாடவேளையிலும் பத்து நிமிடமாவது பிள்ளைகள் மௌனமாக எழுத, நீங்களும் பேசாமல் இருங்கள். பலகையைப் பார்த்துக்கொண்டு பேசாதீர்கள், ஒலி சுவரில் மோதிப் போவதால் இருமடங்கு கத்த வேண்டியிருக்கும். அடிக்கடி கனைப்பதை விட்டு ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள். குரல் கட்டியபோது கிசுகிசுப்பது ஓய்வு அல்ல, அதுவும் குரல்நாணுக்குச் சிரமம்தான். கரும்பலகையை ஈரத்துணியால் துடையுங்கள். கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் இருந்தால் அதுவரை காத்திருக்கவே கூடாது.

இவ்வளவையும் வரும் திங்கட்கிழமையே தொடங்கிவிடாதீர்கள். முதல் இரண்டு வாரம் தொடக்க வேலையும் நிறுத்தும் அடையாளமும் மட்டும், அதுவும் ஐந்து பிரிவில் இரண்டில். ஆண்டின் நடுவில் விதியை மாற்றலாமா என்று தயங்க வேண்டாம். "இன்றிலிருந்து வகுப்பு இப்படித் தொடங்கும்" என்று இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டால் போதும், மன்னிப்போ விளக்கவுரையோ தேவையில்லை. முதல் இரண்டு நாள் ஆச்சரியமாக நன்றாகப் போகும். பிறகு வகுப்பு உங்களைச் சோதித்துப் பார்க்கும், முன்பைவிட மோசமானதாகக்கூடத் தோன்றும். பலரும் "இதுவும் வேலைக்கு ஆகவில்லை" என்று கைவிடுவது அப்போதுதான். அதைத் தாண்டி அதே முறையை நடத்துங்கள். மூன்றாம் வாரத்தில் கேள்வி முறை, அதன் பிறகு நோட்டு.

இந்த வேலை வருமா வராதா என்ற கேள்விக்கு வருகிறேன். பிரான்சிஸ் ஃபுல்லர் என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் சொன்னபடி, புதிய ஆசிரியரின் கவலை முதலில் தன்னைப் பற்றியதாக இருக்கும், பிறகு வேலையைப் பற்றி, அதன் பிறகே பிள்ளைகள் கற்கிறார்களா என்பதைப் பற்றி. உங்கள் கடிதத்தில் மூன்றும் கலந்திருக்கின்றன. "பாதிப் பேர் தப்பு" என்பது மூன்றாம் வகைக் கவலை. நான்காம் மாதத்திலேயே அது வந்திருப்பதை நான் நல்ல அறிகுறியாகவே எடுத்துக்கொள்கிறேன். விடுவதா தொடர்வதா என்பதை நள்ளிரவில் நோட்டுக் கட்டின் முன் உட்கார்ந்து முடிவு செய்யாதீர்கள். ஒரு பருவத்துக்கான ஒருவரிக் குறிப்புகள் கையில் சேர்ந்த பிறகு பாருங்கள்: சத்தம் எழும் இடங்கள் குறைந்திருக்கின்றனவா, பிள்ளைகளின் தப்பைப் பார்க்கும்போது ஏன் இப்படிப் போட்டார்கள் என்ற ஆர்வம் வருகிறதா. இரண்டுக்கும் இல்லை என்றால் வேறு வேலையைப் பற்றி யோசிப்பதில் தவறே இல்லை.

அதுவரை தலைமையாசிரியரிடம் "ரொம்பக் கஷ்டமா இருக்கு" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள், ஆறுதல் மட்டும்தான் கிடைக்கும். தெளிவாக இரண்டு கேளுங்கள்: பக்கத்து ஆசிரியரின் வகுப்பை வாரம் ஒரு முறை பத்து நிமிடம் பார்க்க அனுமதி, உங்கள் எட்டாம் வகுப்பின் முதல் பத்து நிமிடத்தை அந்த ஆசிரியர் ஒரு முறை வந்து பார்க்க ஏற்பாடு. அவர் வரும்போது "எப்படி இருந்தது?" என்று கேட்காமல், முதல் பத்து நிமிடத்தில் வேலை இல்லாமல் இருந்தவர்கள் எத்தனை பேர், எந்த நேரத்தில் என்று மட்டும் எண்ணித் தரச் சொல்லுங்கள்.